மெதுவாகப் பாடும் உரிமை: ஏ.எம். ராஜாவை முன்வைத்து

'பறையடிக்கிறவங்களுக்கு ஏ.எம். ராஜா எதுக்குங்க?' என்று பெரம்பலூர் டீக்கடையில் ஒரு தோழர் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் ஒரு கோட்பாடு உட்கார்ந்திருக்கிறது. தலித் கலை என்றால் அதிர வேண்டும், ஓங்க வேண்டும், கொதிக்க வேண்டும். நிலா, காதல், மெல்லிசை எல்லாம் நடுத்தர வர்க்கத்துச் சமாச்சாரம் என்கிற கோட்பாடு. பறை நம்முடைய போர்க்கருவி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் 'நீ அடிக்கத்தான் லாயக்கு' என்று ஊர்த்தெருக்காரன் காலங்காலமாகச் சொல்லி வந்ததையே நாமும் வேறு வார்த்தையில், கொஞ்சம் பெருமையாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டோமோ என்கிற சந்தேகம் எனக்கு உண்டு. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மைக் வருவதற்கு முன்பு மேடையில் பாடுகிறவர் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பாடியாக வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா, எம்.கே. தியாகராஜ பாகவதர் எல்லாம் நாடக மேடையில் வளர்ந்த குரல்கள். உச்சத்துக்குப் போய் நின்று விளையாடும் குரல்கள். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்தது. கத்தாமலே பாடலாம், மைக் பார்த்துக்கொள்ளும் என்றானது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் காதோரம் பேசுகிற மாதிரி பாடினார்கள். 'குரூனிங்' என்று அதற்குப் பெயர். 1932இல் பாஸ்டன் நகரத்துக் கர்தினால் ஒருவர், இது ஆண்மகன் செய்கிற காரியமா என்கிற தொனியில் அதைக் கண்டித்தார். மெதுவாகப் பாடுவதே குற்றமாகிவிட்டது பாருங்கள்! அதிகாரத்துக்கு உரத்த குரல் ஆண்குரல்தான் பிடிக்கும். கடலுக்கு அந்தப் பக்கமும் அதுதான், இந்தப் பக்கமும் அதுதான்.

தமிழில் அந்த மைக்குக் குரலின் முழு உருவம் என்றால் என்னைப் பொறுத்தவரை ஏ.எம். ராஜாதான். 1929இல் சித்தூர்ப் பக்கம் பிறந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். 1951இல் ஜெமினியின் 'சம்சாரம்' படத்தில் பாடி வெளியே தெரிந்தார். 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசனுக்கு அவர் குரல் ஒட்டிக்கொண்டது. 1959இல் ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான 'கல்யாணப் பரிசு'க்கு அவரே இசையமைத்தார். பிறகு 'தேன் நிலவு' (1961), 'ஆடிப்பெருக்கு' (1962). அவர் இசையமைத்த தமிழ்ப் படங்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அறுபது வருஷம் கழித்தும் அந்தப் பாட்டுகள் நிற்கின்றன.

அந்தக் குரலில் அப்படி என்ன இருக்கிறது? முதலாவது, அவர் சொல்லை நசுக்குவதில்லை. ஒரு சொல் முடிகிற இடத்தில் அதைத் தரையில் போடாமல் மெள்ள இறக்கி வைக்கிறார். இரண்டாவது, கமகம் தெரியும், ஆனால் 'எனக்குத் தெரியும் பார்' என்று காட்டமாட்டார். சபாவில் ராகத்தை விரிப்பவர்கள் கேட்கிறவனுக்குப் பரீட்சை வைப்பார்கள். ராஜா பரீட்சை வைப்பதில்லை. மேளகர்த்தா தெரியாத என் பாட்டி அவர் பாட்டை அச்சுப் பிசகாமல் முணுமுணுப்பாள், சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டே. மூன்றாவது, சோகத்தில் அவர் ஒப்பாரி வைப்பதில்லை. 'கல்யாணப் பரிசு'வில் ஒரே மெட்டு இரண்டு தடவை வருகிறது. தீபாவளிக் களிப்பாக பி. சுசீலா பாடுகிறார், பிறகு நொந்த மனசோடு ராஜா பாடுகிறார். சுசீலா குரலில் மெட்டு துள்ளுகிறது. ராஜா குரலில் அதே மெட்டு மூச்சை அடக்கிக்கொள்கிறது. அழாதவனின் துக்கம் அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு மெட்டைக் குரல் எப்படி மாற்றிப்போடுகிறது என்பதற்கு இதைவிடப் பாடம் கிடையாது.

சரி, இந்தக் குரல் சேரிக்கு எப்படி வந்தது? சபா வழியாக வரவில்லை. அந்த வாசல் நமக்கு இல்லை. கோயில் வழியாகவும் வரவில்லை. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. சாஸ்திரிய சங்கீதம்தான் ஜனங்களை உயர்த்துமாம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957இல் விவிதபாரதி தொடங்கும்படி ஆயிற்று. எது இசை என்று தீர்மானிக்க மேலே உட்கார்ந்திருந்தவர்களை, கீழே இருந்தவர்கள் காதாலேயே தோற்கடித்த கதை இது. நம்ம கலை வரலாற்றில் யாரும் இதை எழுதுவதில்லை.

எங்க பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்: ரேடியோப் பெட்டி ஊர்த்தெருவில் இருக்கும், நாங்க தள்ளி நின்னு கேப்போம். கல்யாணத்துக்குப் புனல் செட்டு கட்டினால் சத்தம் சேரிவரைக்கும் வரும். பந்தலுக்குள்ள விடமாட்டான், பந்திக்குக் கூப்பிடமாட்டான், ஆனா பாட்டை எப்படித் தடுப்பான்? காற்றுக்குத் தீட்டு ஒட்டாது. ராஜாவும் ஜிக்கியும் பாடுவதைக் கேட்க எவனிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சேரி தன் காதால் நுழைந்த முதல் பொதுவெளி அது என்று சொன்னால் மிகையில்லை.

இதைச் சொல்லிவிட்டு விமர்சனத்தை விட்டுவிட முடியாது. 'கல்யாணப் பரிசு'வில் ராஜாவும் சுசீலாவும் கேள்வியும் பதிலுமாகப் பாடும் அந்த சைக்கிள் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஜெமினியும் சரோஜாதேவியும் சைக்கிள் விட்டுக்கொண்டே கொஞ்சிக்கொண்டு போகிறார்கள். தமிழ் சினிமாவில் காதல் இவ்வளவு லேசாக உருண்டது அபூர்வம். எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், உழைக்கிற ஜனத்தின் கவிஞர். அந்த வருஷமே இருபத்தொன்பது வயதில் செத்துப்போனார். ஆனால் அந்தச் சாலை யாருடைய சாலை? அதே காலத்தில் என் பெரியப்பா சைக்கிள் வாங்கினார். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தப் பாட்டை வாயில் முனகிக்கொண்டே தள்ளிக்கொண்டு போவாராம். திரையில் மிதிப்பவனுக்குச் சாதி இல்லை. தெருவில் தள்ளுபவனுக்குச் சாதியைத் தவிர வேறெதுவும் இல்லை. படம் இதைப் பேசவில்லை. ஸ்ரீதர் படங்களின் உலகம் சம்பளக்காரர்களின் உலகம். அங்கே காதலுக்கு எதிரி தியாகம்தானே ஒழிய அரிவாள் இல்லை. அக்காவுக்காகக் காதலனை விட்டுக்கொடுக்கும் பெண்ணைக் கொண்டாடுவதும் ஆணாதிக்கம்தான். பாட்டை நேசிப்பதற்காக இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரியப்பா அந்தப் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது தியாகத்தை இல்லை. இறங்காமல் மிதித்துப் போகலாம் என்கிற ஒரு நினைப்பை.

கறுப்பர்களின் கதையையும் பார்க்க வேண்டும். நம்ம தலித் பேந்தர் இயக்கம் 1972இல் பெயரையே அவர்களிடமிருந்துதான் எடுத்தது. நாட் கிங் கோல் என்கிற கறுப்பினப் பாடகர், ஜாஸ் பியானோவில் தொடங்கி, பட்டுப்போன்ற குரலால் அமெரிக்கா முழுக்கப் பிரபலமானார். 1956 ஏப்ரலில் அவர் பிறந்த அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகர மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே வெள்ளை இனவெறியர்கள் ஏறித் தாக்கினார்கள். அவர் பாடியது புரட்சிப் பாட்டு இல்லை, காதல் பாட்டு. அந்த வருஷக் கடைசியில் தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது. நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவரும் வராமல் 1957 டிசம்பரில் நின்றது. மென்மையாகப் பாடினால் விட்டுவிடுவார்கள் என்று எவரும் நினைக்க வேண்டாம். ஒடுக்கப்பட்டவன் மென்மையாக இருப்பதே சிலருக்குப் பொறுக்காது. அவனைக் கோபக்காரனாக, முரடனாக வைத்திருப்பதுதான் அவர்களுக்கு வசதி.

ராஜா தலித் பாடகர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரை நம் பக்கம் இழுக்கிற வேலையும் எனக்கு இல்லை. அவர் குரலுக்கு எல்லை உண்டு. வீறு கேட்கும் இடத்துக்கு அது போகாது, அதற்கு டி.எம். சௌந்தரராஜன் இருந்தார். அறுபதுகளில் ஜெமினிக்கு பி.பி. ஸ்ரீநிவாஸ் பாட வந்தபோது அவர் ஒதுங்கிப்போனார். 1989 ஏப்ரலில் வள்ளியூர் ரயில் நிலையத்தில் விபத்தில் இறந்தார். 1956 நவம்பரில் மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து ஜனங்கள் செத்ததைக் கண்ட அரியலூர்க் கிழவர்கள், அந்தச் செய்தியைக் கேட்டு 'அவருக்கும் ரயிலா' என்றார்களாம்.

நான் கேட்பது இதுதான். எங்க ரெண்டு மாவட்டத்திலும் ஒரு சேரிப் பையன் சாதி தாண்டி ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பதற்கே உயிர்பயம் வேண்டியிருக்கிறது. அவன் காதலை 'நாடகம்' என்று அரசியல் மேடையிலேயே பேசினார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெண்ணிடம் மெதுவாக, மரியாதையாக, பதிலுக்கு இடம்விட்டுப் பாடுகிற ஆண்குரலை நேசிப்பது தப்பித்தல் ஆகுமா? நம் வீட்டுக்குள்ளேயும் உரத்த ஆண்குரலால் அடிபட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு ஆண்குரல் தேவை. கோபத்தை நாம் கற்றுக்கொண்டோம், கற்றாக வேண்டியிருந்தது. கொஞ்சலையும் சிரிப்பையும் அடுத்தவனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாம் மட்டும் கொதித்துக்கொண்டே கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் சேரி வீடுகளில் பழைய கேசட்டுகள் பரணில் கிடக்கின்றன. யார் எந்தப் பாட்டை எங்கே நின்று கேட்டார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நாம் என்ன பாடினோம் என்பது வரலாறு என்றால், எதைக் கேட்டு உயிரோடு இருந்தோம் என்பதும் வரலாறுதான்.