யாருமில்லை என்றொரு ஆசாமி

ஆளைக் குறிப்பிட்டுச் சொல்லாத 'யாருமில்லை', 'யாரோ', 'எல்லோரும்' போன்ற சொற்கள் ஐரோப்பிய இலக்கியத்தில் நெடுங்காலமாகப் பாத்திரங்களின் பெயர்களாகவும் நூல்களின் தலைப்புகளாகவும் வழங்குகின்றன. இவற்றை நவீன மனிதன் தன்னைத் தொலைத்ததன் அடையாளமாகப் படிப்பது இன்றைய விமர்சன மோஸ்தர். வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை. 'யாருமில்லை' பெரும்பாலும் பழி சுமக்கப் பிறந்தவன்.

ஹோமரின் ஒடிசியஸ் ஒற்றைக்கண் பாலிஃபீமஸிடம் இந்தப் பெயரைச் சொல்லித்தான் தப்பிக்கிறான். தன்னைத் தாக்கியது யாருமில்லை என்று அரக்கன் அலறவே, உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். பிறகு கப்பலிலிருந்து வீறாப்பாக உண்மைப் பெயரைக் கூவியதுதான் கடல்தெய்வத்தின் சினத்தை அவன்மேல் இழுத்துவிடுகிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராடுல்ஃபுஸ் என்பவர், வேதாகமத்தில் 'நெமோ' (லத்தீனில் யாருமில்லை) வரும் இடங்களையெல்லாம் தொகுத்து, கடவுளைக் கண்ட புனிதர் நெமோவைப் படைத்தார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் அச்சுத்தாள்களில் அவன் வீட்டுக்குள் வந்துவிட்டான். வேலைக்காரர்கள் உடைத்த பானை சட்டிகளுக்கு நடுவே, வாயில் பூட்டுடன் நிற்கிறான். 1558இல் புரூகெல் 'ஒவ்வொருவன்' என்ற சித்திரத்தை வரைந்தபோது, பின்சுவரில் இவனையும் உடைந்த சாமான்களோடு உட்காரவைத்தார். 'ஒவ்வொருவன்' இடைக்கால அறநாடகத்தின் நாயகன். சாவுக்கு முன் கணக்கு ஒப்படைப்பவன். அந்நாடகம் ஹோஃப்மன்ஸ்தாலின் கையில் புத்துருப் பெற்று, 1920 முதல் சால்ஸ்பர்க் விழாவின் அடையாளமாகிவிட்டது. பயபக்தி அதிகம், நகைச்சுவை குறைவு.

'யாருமில்லை'யின் உச்சம் டிக்கன்ஸ். இதை விமர்சகர்கள் போதிய அளவு சொல்வதில்லை. 'பிளீக் ஹவுஸ்' நாவலில் நெமோ என்ற பெயரில் வழக்குத்தாள்களைப் படியெடுப்பவன் அபினியில் மடிகிறான். அடுத்து வந்தது கிரீமியப் போர். ராணுவ நிர்வாகத்தின் சீர்கேட்டால் நோயிலும் குளிரிலும் வீரர்கள் செத்தார்கள், பொறுப்பேற்க ஆளில்லை. அந்தக் கோபத்தில் தொடங்கிய நாவலுக்கு அவர் முதலில் வைத்த தலைப்பு, குற்றம் யாருடையதும் அல்ல என்று பொருள்படுவது. 1855இல் 'லிட்டில் டாரிட்' என்று பெயர் மாறி வெளிவரத் தொடங்கினாலும், எதையும் செய்யாமலிருப்பதையே கலையாக வளர்த்த அரசு அலுவலகம் அதில் தங்கிவிட்டது. நாவலின் நாயகன் ஆர்தர் கிளென்னம் தன் காதலைத் தன்னிடமே மறைக்கும் அத்தியாயங்களின் தலைப்புகளில் இதே 'யாருமில்லை' வருகிறான். அரசாங்கத்தின் நழுவலும் தனிமனிதனின் நழுவலும் ஒரே பெயரில் சேர்கின்றன. 1856இல் தம் வார இதழில் எழுதிய கட்டுரையில் அவர் இவனை நேரடியாகவே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

வெர்னின் கேப்டன் நெமோவும் வெறும் தனிமைவிரும்பி அல்லன். 1875இல் முடிந்த 'மர்மத் தீவு' அவனை, 1857 கிளர்ச்சியில் குடும்பத்தைப் பறிகொடுத்த பந்தேல்கண்ட் இளவரசன் டக்கார் என்று காட்டுகிறது.

இன்றைய விமர்சகர்களின் வாசிப்பு முழுமையாகப் பொருந்துவது பிராண்டெல்லோவிடம்தான். 1926இல் நூலான 'ஒருவன், எவனுமில்லை, ஒரு லட்சம் பேர்' என்ற அவரது நாவலில், மூக்கு கோணல் என்று மனைவி சொன்னதிலிருந்து நாயகன் தன் அடையாளத்தையே சந்தேகிக்கத் தொடங்குகிறான். நுட்பமான நாவல்; ஆனால் கண்ணாடி முன் நிற்கும் ஒரு மனிதனோடு சுருங்கிவிடுகிறது. டிக்கன்ஸின் 'யாருமில்லை' ஓர் அரசாங்கத்தையே விசாரணைக்கு இழுத்தவன்.