மேல்சீட்டும் உள்சரக்கும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து வந்த காயை வாங்க வரும் வியாபாரி, மூட்டையின் மேல் எழுதியிருப்பதை நம்பி விலை கேட்பதில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த மாதிரியைக் கையில் வாங்கி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, அதன் பிறகே கணிப்பொறியில் விலையைப் பதிகிறார். அதே காய் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கப்பட்டு வெளியூருக்குப் போகும்போது நிலைமை மாறுகிறது. மூட்டையில் 'ஏ.ஜி.இ.பி.' என்று எழுதியிருந்தால், அது 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்னும் தரம், 7 மில்லிமீட்டருக்குக் குறையாத காய் என்று தொலைவில் இருப்பவர் பிரித்துப் பாராமலே புரிந்துகொள்கிறார். அங்கே வேலை செய்வது மேல்சீட்டு.

இணையத்தில் ஓடும் கோப்புகளையும் இந்த இரண்டு வழிகளில்தான் இனங்காண முடியும். திறந்து பார்த்து இன்னதென்று ஊகிப்பது ஒரு வழி. அனுப்பியவர் ஒட்டிய சீட்டை நம்புவது மற்றொரு வழி. தமிழ்க் கோப்புகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலையை நாம் எப்படிச் செய்தோம் என்பதை எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எழுத்துகளை அமைப்பதில் நாம் காட்டிய அக்கறையைச் சீட்டு ஒட்டுவதில் காட்டவில்லை. அதன் விலையைத் தமிழில் படிக்கும் மாணவர்கள் இன்றும் கொடுக்கிறார்கள்.

இனங்காணும் வழிகள்

கணிப்பொறியைப் பொறுத்தவரை எந்தக் கோப்பும் எண்களின் வரிசைதான். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை உள்ள ஒரு மதிப்பு; இதைப் பைட்டு என்கிறோம். படமா, பாட்டா, கடிதமா, நிரலா என்பதை எந்தப் பைட்டும் தனியாக நின்று சொல்வதில்லை. எனவே வேறு அடையாளம் தேவைப்படுகிறது.

முதல் அடையாளம் கோப்புப் பெயரின் வால். புள்ளிக்குப் பின் 'ஜேபிஜி' என்று இருந்தால் படம், 'டிஎக்ஸ்டி' என்று இருந்தால் வெறும் எழுத்து. இது எளிது, ஆனால் யார் வேண்டுமானாலும் பெயரை மாற்றலாம். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல் இந்தப் பலவீனத்தைத்தான் பயன்படுத்தியது. அதன் பெயரில் 'டிஎக்ஸ்டி' என்பது நடுவில் இருந்தது. உண்மையான வாலாகிய 'விபிஎஸ்' இறுதியில் இருந்தது. விண்டோஸ் இறுதி வாலை மறைத்துக் காட்டியதால், காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தவர்கள் உண்மையில் ஒரு நிரலை இயக்கினார்கள்.

இரண்டாவது அடையாளம் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் பைட்டுகள். பி.என்.ஜி. வகைப் படம் எதுவாயினும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களோடுதான் தொடங்கும். ஜிப் கோப்பு 'பி', 'கே' என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். அவை அதை உருவாக்கிய பில் காட்ஸ் என்பவரின் பெயரெழுத்துகள். பெயரை மாற்றினாலும் இந்த எண்கள் மாறா. எனினும் இவ்வழிக்கும் எல்லை உண்டு. இன்றைய வேர்டு ஆவணம், மின்னூல், ஆண்ட்ராய்டு செயலி ஆகிய மூன்றும் உள்ளே ஜிப் கோப்புகளே. முதல் இரண்டு பைட்டுகளை மட்டும் பார்ப்பவருக்கு இம்மூன்றும் ஒன்றாகவே தோன்றும்.

மூன்றாவது, அனுப்புபவர் ஒட்டும் சீட்டு. நத்தேனியல் போரன்ஸ்டைன், நெட் பிரீட் ஆகிய இருவர் 1992இல் மின்னஞ்சலுக்காக வகுத்த 'மைம்' என்னும் முறை இது. 'இமேஜ்/பிஎன்ஜி', 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்பன போல வகையும் உள்வகையும் சேர்ந்த பெயரை, கோப்புக்கு முன்னால் தனியே எழுதி அனுப்புகிறார்கள். வலைத்தளங்களும் இம்முறையை ஏற்றுக்கொண்டன. இப்பெயர்களுக்கு 'அயானா' என்ற அமைப்பு பதிவேடு வைத்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். படத்துக்குத் தொடக்க எண்கள் உண்டு; வெறும் எழுத்துக் கோப்புக்கு அவை இல்லை. அது தன் முதல் எழுத்தோடு நேராகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதைச் சீட்டில்தான் எழுதியாக வேண்டும். மைம் முறையில் இதற்கென்றே 'கேரக்டர் செட்' என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ் வழுக்கிய இடம் அதுதான்.

ஒரு சொல், பல எண்கள்

'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1990களின் பிற்பகுதியில் இணையத் தமிழ் ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி முறையில் இச்சொல் 190, 193, 162, 250 என்ற நான்கு எண்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப் முறையில் 238, 241, 164, 246, 162 என்ற ஐந்து எண்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துருவில் 106, 107, 112, 111, 59.

162 என்ற எண்ணைப் பாருங்கள். திஸ்கியில் அது இகர உயிர்மெய்க்கு உரிய கொக்கி. டாப் முறையில் அதே எண் மெய்யெழுத்தின் புள்ளி. பாமினியின் எண்களோ ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துகளுக்கும் அரைப்புள்ளிக்கும் உரியவை. எண்களை மட்டும் பார்த்து, இது எந்த முறை என்று ஒரு கணிப்பொறி எப்படிச் சொல்லும்?

சீட்டு இருந்தால் சொல்லும். அந்நாளைய தமிழ்ப் பக்கங்கள் பலவற்றில் சீட்டே இல்லை. 1999இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 விதிநூல், சீட்டில்லாத எழுத்துக் கோப்பை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய 'லத்தீன் 1' என்று கொள்ளச் சொன்னது. அதன்படி படித்தால் திஸ்கியின் 'தமிழ்' எப்படித் தெரியும்? முக்கால் என்னும் பின்னக்குறி, மேலே சாய்கோடு இட்ட ஆங்கில 'ஏ', சென்ட் நாணயக்குறி, மேலே சாய்கோடு இட்ட 'யூ'. இந்த விதி 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கைவிடப்பட்டது. அதற்குள் தமிழ்ப் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டுவிட்டன. சில பக்கங்களில் சீட்டு இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்தது 'பயன்படுத்துவோர் வரையறுத்தது' என்ற பொருள்படும் ஒரு பொதுப்பெயர். மூட்டையின் மேல் 'ஏதோ ஒரு சரக்கு' என்று எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அன்றைய நியாயமும் அதன் எல்லையும்

அக்காலத்து முயற்சிகளைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. விண்டோஸ் வரிசையில் யூனிகோடு முறைத் தமிழை முதலில் காட்டியது விண்டோஸ் 2000. அதற்கு முன் திரையில் தமிழைப் பார்க்க வேண்டுமென்றால், ஆங்கிலத்துக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருவை இறக்கிக்கொள்வதே பெரும்பாலோர்க்கு வழி. 'பயன்படுத்துவோர் வரையறுத்தது' என்ற சீட்டும், வாசகர் தேர்ந்த எழுத்துருவை உலாவி எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காகச் செய்த உபாயமே. உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள்.

பல குறிமுறைகள் இருந்ததே குற்றம் என்று சிலர் வாதிப்பதுண்டு. அவ்வாதம் பொருந்தாது. ரஷ்ய மொழியைப் பாருங்கள். அதற்கும் கோய்8-ஆர், விண்டோஸ் 1251 என்று ஒன்றோடொன்று ஒவ்வாத பல குறிமுறைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதிவான பெயர் இருந்தது. கோய்8-ஆர் முறையின் விவரம் 1993லேயே இணைய ஆவணமாக வெளியிடப்பட்டது. அந்தப் பெயரைத் தாங்கிய பழைய ரஷ்யப் பக்கத்தை இன்றைய உலாவியில் திறந்தாலும் அது சரியாகவே தெரியும்.

தமிழில் நடந்தது என்ன? டாப், டாம் என்ற இரு முறைகளை அரசு தரமாக்கியது. அயானா பதிவேட்டில் அவ்விரண்டின் பெயரும் இல்லை. திஸ்கி அங்கே பதிவானது 2007ஆம் ஆண்டில். அப்போது யூனிகோடு வேரூன்றிவிட்டது. உலாவிகள் திஸ்கியை ஏற்க முன்வரவில்லை. எழுத்துகளின் வரிசை பற்றியும் இடங்கள் பற்றியும் ஆண்டுக்கணக்கில் விவாதித்த நாம், பெயரைப் பதிவு செய்யும் சிறு வேலையைத் தள்ளிப்போட்டோம். என் குற்றச்சாட்டு இதுதான்.

சீட்டின் மதிப்பை உணர்ந்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்தபோது, 'தமிழ் எழுத்தில், திஸ்கி முறையில்' என்று பக்கத்தின் தலைப்பிலேயே மனிதர் படிக்கும்படி எழுதிவைத்தது. எந்த முறை என்று தெரிந்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்றுவது எளிய வேலை. அந்நூல்கள் இன்று யூனிகோடில் கிடைக்கின்றன. மாறாக, பெயர் தெரியாத ஒரு பழைய கோப்பை மாற்றி நிரலில் இட்டால், அது முதலில் நம்மைத்தான் கேட்கிறது: இது பாமினியா, திஸ்கியா, டாப்பா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எதில் பொருளுள்ள சொல் வருகிறதோ அதைத் தேர்ந்துகொள்கிறோம். அனுப்பியவர் ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டியதை, படிப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இன்றும் தொடரும் பிழை

யூனிகோடு வந்ததும் இச்சிக்கல் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை அது. யூ.டி.எப். 8 என்ற வடிவில் எழுதிய தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இந்த ஒழுங்கினால் சீட்டு கிழிந்துபோனாலும் உள்சரக்கை ஓரளவு அடையாளம் காணலாம். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக அறிவித்தது.

ஆனால் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பி.டி.எப். ஆக்கும் பழக்கம் மறையவில்லை. பி.டி.எப். கோப்பின் வெளிச்சீட்டில் குறை இல்லை, அது பி.டி.எப். என்றே சரியாகச் சொல்கிறது. அச்சிட்டாலும் அழகான தமிழ் வருகிறது. குறை உள்ளே இருக்கிறது. ஓர் எழுத்து வடிவம் யூனிகோடில் எந்த எழுத்துக்குச் சமம் என்று சொல்லும் அட்டவணை ஒன்றை பி.டி.எப். கோப்பினுள் வைக்கலாம், அதை உட்சீட்டு எனலாம். பாமினி போன்ற எழுத்துருவில் அமைத்த கோப்பில் அந்த அட்டவணை இருக்காது, அல்லது இருந்தாலும் 'த' என்ற வடிவத்தை ஆங்கில 'ஜே' என்றே சொல்லும்.

இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். இப்படி அமைந்த ஓர் அறிக்கையில் ஏலக்காய் பற்றி நூறு பக்கம் இருந்தாலும், 'ஏலக்காய்' என்று தேடினால் ஒரு விடைகூட வராது. தேடுபொறிக்கு அந்த அறிக்கை இல்லாததற்குச் சமம். பார்வையற்ற மாணவர் ஒருவர் தம் பாடக்குறிப்பைத் திரை வாசிப்பானில் கேட்க முயன்றால், 'தமிழ்' என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் அவர் காதில் விழுவது ஜே, கே, பி, ஓ. கண்ணுள்ளவர் படித்துவிடுவதால், பிழை இருப்பதே அனுப்பியவருக்குத் தெரிவதில்லை. ஆங்கில வழியில் படிப்பவர் ஒரு சொல்லைத் தட்டித் தேடும் நேரத்தில், தமிழ் வழி மாணவர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது.

நீங்களே சோதிக்கலாம்

இதற்குச் சோதனைக்கூடம் வேண்டாம். உங்களிடம் உள்ள தமிழ் பி.டி.எப். ஒன்றைத் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்து படியெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் உட்சீட்டு சரி. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால் அது பழைய எழுத்துருவின் வேலை. எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால், அது பெரும்பாலும் எழுத்தின் புகைப்படமாக இருக்கும். அதை எழுத்தாக மாற்றுவது வேறொரு கலை.

சோதித்தபின் செய்ய வேண்டியவை இரண்டு. வினாத்தாளோ, சங்கத்தின் சுற்றறிக்கையோ, கோயில் திருவிழா அழைப்போ, நாம் எழுதுவதை யூனிகோடு எழுத்துருவில் எழுதுவது ஒன்று. பழைய கோப்புகளை வைத்திருப்போர் அவற்றை மாற்ற நேரமில்லை என்றாலும், எந்த எழுத்துருவில் எழுதியது என்பதை ஒரு தாளிலாவது குறித்து உடன் வைப்பது மற்றொன்று. அந்த எழுத்துருவைப் பழகியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள இதுவே நேரம்.