மூழ்கிய கப்பலும் மீன் பார்க்கும் கண்ணும்

போர்க்கப்பல் ஒன்று மூழ்கியதோடு படைவரலாறு எழுதுபவரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எந்த விமானம் குண்டு போட்டது, கப்பல் எத்தனை நிமிடத்தில் கவிழ்ந்தது, யார் தவறு என்பதெல்லாம் தீர்ந்தபின் அவர் அடுத்த போருக்குப் போய்விடுகிறார். கப்பல் மட்டும் கடலடியில் எண்பது ஆண்டுகளாகக் கிடக்கிறது. அந்த எண்பது ஆண்டுகளின் கதையைச் சொல்ல வந்தவர்களில் கணிசமானோர் காட்டுயிர், கடலுயிர் நிகழ்ச்சிகளால் பெயர்பெற்றவர்கள். 1956இல் வந்த 'மௌன உலகம்' படத்தில், செங்கடலில் 1941இல் குண்டுபட்டு மூழ்கிய திஸில்கார்ம் சரக்குக் கப்பலை உலகுக்குக் காட்டியவர் ழாக் குஸ்தோ. பின்னாளில் கடலுயிரியல் படித்த முன்னாள் படை அதிகாரி மான்டி ஹால்ஸ், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பவளத்திட்டுகளையும் காட்டினார், இரண்டாம் உலகப்போரில் கைதிகள் தப்பிய பாதைகளையும் நடந்து காட்டினார். மீன் காட்டுகிறவருக்குப் போர்க்களத்தில் என்ன வேலை என்று வரலாற்றாளர்கள் முகம் சுளிப்பதுண்டு. போர்ச்சிதைவுக்கு முதலில் அனுப்பவேண்டிய ஆள் அவர்தான் என்பது என் கட்சி. சில நிபந்தனைகளோடு.

இதைச் சோதித்துப் பார்க்கத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. ஆவுடையார்கோவிலிலிருந்து கிழக்கே போனால் மணமேல்குடிக் கடற்கரை. எதிரே பாக் நீரிணை, அதற்கப்பால் இலங்கை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் தேதி திருகோணமலையை. அன்றே மட்டக்களப்புக்கு அருகில், தன்னிடம் ஒரு விமானம்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியைக் குண்டுவீச்சு விமானங்கள் பிடித்துக்கொண்டன. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அது. முந்நூறு பேருக்குமேல் இறந்தார்கள். துணைவந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயர், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் உள்ளிட்ட வேறு சிலவும் அன்று அந்தக் கடலோரத்தில் மூழ்கின. ஹெர்மிஸ் கிடப்பது ஐம்பது மீட்டரை ஒட்டிய ஆழத்தில்; பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு வகுத்த எல்லையோ நாற்பது மீட்டர். ஆகவே நம்மில் அநேகமாக எல்லோருக்கும் அந்தக் கப்பல் என்பது யாரோ ஒருவர் படமெடுத்து வந்து காட்டுவதுதான். அதை எடுக்கப் போகிறவர் எதைப் பார்க்கத் தெரிந்தவர் என்பது அதனாலேயே முக்கியமாகிறது.

இலங்கையில் கடலடியில் படமெடுக்கும் இந்தக் கலைக்கு ஒரு மரபே உண்டு. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் முக்குளிப்பாளர் மைக் வில்சனும் அங்கே வந்திறங்கினார்கள். உள்ளூர் இயற்கையியலாளர் ராட்னி ஜோங்க்லாஸ் அவர்களோடு சேர்ந்து மூழ்கினார். பவளத்தையும் மீனையும் படமெடுக்கப் போனவர்கள் கண்ணில்தான் திருகோணமலைக் கடலடியில் கிடந்த கோணேசர் கோயிலின் சிதைவுகள் பட்டன. புதையலோ போர்க்கப்பலோ தேடிப் போனவர், தேடியது கிடைத்ததும் மேலே வந்துவிடுவார். மீன் பார்க்கப் போனவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்குகிறார், சுற்றியிருப்பதையெல்லாம் பார்க்கிறார்.

அவரிடம் இன்னொன்றும் இருக்கிறது: காலக்கணக்கு. பசிபிக்கின் ட்ரக் தீவுக்காயலில் 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் நாற்பதுக்கு மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்தன. 1975இல் அங்கே போன கடலுயிரியலாளர் சில்வியா எர்ல், அந்தச் சிதைவுகளை ஆய்வுக்களமாகவே எடுத்துக்கொண்டார். இயற்கையான பவளத்திட்டு எந்த நாளில் முளைத்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. கப்பல் மூழ்கிய நாளோ கடற்படைப் பதிவேட்டில் இருக்கிறது; அதன்மேல் அப்போது ஒட்டியிருந்த பவளம் எதற்கும் 31 வயதுக்குமேல் இருந்திருக்க வழியில்லை. போரின் தேதி இப்படி உயிரியலுக்கு அளவுகோலாகிறது. அதே கண், இரும்பு எவ்வளவு அரித்திருக்கிறது, எண்ணெய்த் தொட்டி எப்போது உடையும் என்பதையும் பார்க்கிறது. இது வெறும் அறிவுப்பசி அல்ல. உலிதித் தீவருகே 1944இல் மூழ்கிய மிசிசினெவா என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் 2001இல் கசியத் தொடங்கி, 2003இல் எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டியதாயிற்று.

சிதைவே காணாமல் போவதும் உண்டு. 1942 ஜாவாக் கடற்போரில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களை முக்குளிப்பவர்கள் 2002இல் கண்டுபிடித்தார்கள். 2016இல் மறுபடி போனபோது கடலடியில் பள்ளம்தான் இருந்தது. பழைய இரும்புக்காக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கொரு முறை ஒரு ஒளிப்பதிவாளர் இறங்கியிருந்தால் களவு பாதியிலேயே தெரிந்திருக்கும்.

இதற்கு மறுப்புகள் உண்டு, இரண்டு வலுவானவை. முதலாவது, இயற்கையியலாளர் சொன்னால் மக்கள் நம்பிவிடுவார்கள், போரைப் பற்றி அவர் தப்பாகச் சொன்னாலும். 1945 தொடக்கத்தில் 26ஆவது இந்திய டிவிஷன் பர்மாவின் ராம்ரீ தீவைப் பிடித்தபோது, சதுப்புக்குள் புகுந்த ஆயிரம் ஜப்பானியரை முதலைகள் தின்றுவிட்டன என்ற கதையைப் பரப்பியவர் கனடிய இயற்கையியலாளர் புரூஸ் ரைட். அது கின்னஸ் நூல்வரை ஏறியது. ஆனால் அதைத் தகர்த்ததும் ஊர்வன ஆய்வாளர்கள்தான். ஸ்டீவன் பிளாட்டும் குழுவினரும் தீவின் முதியவர்களை விசாரித்து, அப்படியொரு பெரும்பலி நடக்கவில்லை என்று எழுதினார்கள். அத்தனை முதலைக்கு அந்தச் சதுப்பில் மற்ற நாளில் இரை ஏது என்ற கேள்வியே உயிரியல் கேள்விதான். தொலைக்காட்சிக்கு அந்த ஆயிரம் பேர் கதைமேல்தான் இன்னும் ஆசை.

இரண்டாவது மறுப்பு கனமானது. குண்டுபட்ட கப்பலில் களவாமீன் நீந்துவதை அழகாகக் காட்டினால் உள்ளே எரிந்து செத்தவன் மறைந்துபோகிறான். இதை நான் முழுமையாக மறுக்கமாட்டேன். ஹெர்மிஸில் இறந்தவர்களுக்கு எண்பது ஆண்டு இடைவெளி இருக்கிறது. முல்லைத்தீவுக்கு அது இல்லை. 2006 டிசம்பரில் அந்தக் கரையில் தட்டிய ஃபரா 3 என்ற ஜோர்தானியச் சரக்குக் கப்பல் 2009 மே வரை இலங்கை உள்நாட்டுப் போரின் நடுவே கிடந்தது. பிறகு பேருந்தில் வந்தவர்கள் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையைத் தேடும் தாய் உயிரோடிருக்கும் மண்ணில் பறவையும் பவளமும் காட்டும் நிகழ்ச்சிக்கு இடமில்லை. அங்கே முதலில் போகவேண்டியவர்கள் தடயவியலாளரும் சட்டத்தரணியும். என் வாதத்தின் எல்லை அதோடு முடிகிறது.

நூற்றாண்டை நெருங்கும் சிதைவுகளுக்கு வேறு அவசரம் இருக்கிறது. 1942 தாக்குதலில் எரிந்து திருகோணமலைத் துறைமுகத்தில் கிடந்த சகாயிங் கப்பலை இலங்கைக் கடற்படை 2018இல் தூக்கி, வேறிடத்தில் ஆழத்தில் அமிழ்த்தியது. எழுபத்தைந்து ஆண்டுகள் அதில் ஒட்டி வளர்ந்த உயிர்களைப் பற்றித் நான் அறிந்தவரை தமிழில் ஒரு மணி நேரப் படம்கூட வரவில்லை என்பது நமக்குப் பெருமையல்ல. புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கடலோரத்தில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் பாக் விரிகுடாவில் கேமராவோடு இறங்கும் இளைஞர்கள் கூடிவருகிறார்கள். அவர்கள் அக்கரையையும் பார்க்கட்டும். போனால், இறந்தவர் பட்டியலைப் படித்துவிட்டு இறங்குங்கள்; எலும்பையும் பொருளையும் தொடாதீர்கள்; எங்கே வலை சிக்கும் என்று தெரிந்த மட்டக்களப்பு மீனவரின் பேட்டியை முதலில் எடுங்கள்.