இரும்புக் கன்னியும் கலிங்கத்துப் பரணியும்

அனந்தபுரியில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு இசையரங்கு என்றவுடன் நெஞ்சில் எழுவது கோட்டையகத்து நவராத்திரி மண்டபமேயாகும். பத்மநாபபுரத்தினின்று எழுந்தருளிவரும் கலைமகளின் திருமுன் (கம்பர் வழிபட்ட திருவுரு என்பது வழிவழிச் செய்தி) ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாளின் உருப்படிகள் பாடப்பெறும். ஆங்குக் கைதட்டும் வழக்கம் இல்லை. அவ்வமைதியிற் பழகிய செவியோடுதான் யாம் 2007ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் பெங்களூர் அரண்மனைத் திடலில் 'அயர்ன் மெய்டன்' என்னும் ஆங்கில இசைக்குழுவின் முன் நின்றோம். தமக்கை மகனுக்குத் துணையாகச் செல்ல நேர்ந்ததே காரணம். விரும்பிச் சென்றோம் எனின் பொய்யாகும்.

அவன் அணிந்திருந்த கருஞ்சட்டையில் தோலுரிந்த பிணமொன்று பல்லிளித்தது. அதன்பொருட்டு வீட்டில் எழுந்த பூசலை ஈண்டு விரித்தல் வேண்டா. நம் இல்லங்கள் பலவற்றில் அது நிகழ்ந்ததுதான். வேற்று நாட்டார் கூத்து என்று ஒதுக்கவும் வழியில்லை. இந்நகரிலேயே 2005இல் 'கேயாஸ்' என்னும் குழு தோன்றி, 2013இல் 'வயலன்ட் ரிடெம்ப்ஷன்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டுள்ளது. 'ஹெவி மெட்டல்' எனும் இவ்விசை நம் தெருவிற்கே வந்துவிட்டது. அது ஓசையா, கலையா என்று ஆராய்வது நம் கடன் ஆகின்றது.

'அயர்ன் மெய்டன்' என்பதற்கு இரும்புக் கன்னி என்பது பொருள். வதைக்கருவி ஒன்றின் பெயர். 1975இல் கிழக்கு இலண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்பார் தோற்றுவித்த குழு அது. இந்திய மண்ணில் அவர்தம் முதல் அரங்கு அன்று நிகழ்ந்ததே. ஹாரிசுக்கு ஐம்பத்தொன்று நிறைந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. அவ்வகவையில் நம்மவர் மூட்டுவலித் தைலம் தேடுவர். அவரோ மேடையின் விளிம்பில் காலூன்றி நின்று இரண்டு மணி நேர அளவும் ஓய்ந்தாரில்லை.

சட்டையிலிருந்த பிணத்திற்கு 'எடி' என்று பெயர். 2006இல் வெளிவந்த அவர்தம் தொகுப்பின் அட்டையில், எலும்புக்கூட்டுப் படைவீரர் சூழப் பீரங்கி வண்டியில் வருவதும் அவ்வெடியே. இதனைக் கண்டு அஞ்சுவோர் சயங்கொண்டாரைப் படித்திலர் எனலாம். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் வீழ்ந்த முரசத்தை உரலாகவும் யானைக் கொம்பை உலக்கையாகவும் கொண்டு, மாண்டார்தம் பல்லை அரிசியெனக் குற்றிக் கூழ் அடுகின்றன. அவற்றுள் பார்ப்பனப் பேயும் உண்டு, சமணப் பேயும் உண்டு. அச்சுவையும் நகைச்சுவையும் ஒரே அடுப்பில் வேகும் அவ்விடத்தைப் புலவர் வகுப்பில் நடத்தக் கேட்டு மகிழ்ந்த நாம், பிள்ளையின் சட்டையைக் கண்டு பதறுவது முறையோ? பேய் என்பது இரு கலைகளிலும் ஒரு மரபு. எடியின் பேருரு மேடையில் தோன்றியபோது திடலில் எழுந்தது அச்சமன்று; திருவிழாவில் பொம்மைக் குதிரையைக் கண்ட ஆரவாரமே.

உறவு இவ்வளவோடு நிற்கவில்லை. இக்குழுவின் தனிமுத்திரை எனப்படுவது ஹாரிசின் விரல்கள் எழுப்பும் குதிரைப் பாய்ச்சல் நடை. அதனைச் செவிமடுத்த சிறிது நேரத்திலேயே யாம் திடுக்கிட்டோம். ஒரு நெடில், அதன்பின் இரு குறில். மீண்டும் ஒரு நெடில், இரு குறில். தானன தானன என்னும் நம் சந்தமேயன்றோ அது! போர் பாடுமிடத்துச் சயங்கொண்டார் தாழிசையின் நடையை முடுக்கிக் குளம்பொலியைச் சொல்லில் வடித்தார். இவர் நரம்பில் வடிக்கின்றார். 1983இல் வெளிவந்த 'தி ட்ரூப்பர்' என்னும் பாடலில் இந்நடை பொருளோடு முற்றும் பொருந்துகின்றது. 1854இல் பாலக்கிளாவா என்னுமிடத்தில், தவறிய கட்டளையால் உருசியப் பீரங்கிகளின் வாயில் பாய்ந்த ஆங்கிலக் குதிரைப்படையைப் பற்றியது அது. டென்னிசன் அப்படையின் வீரத்தைப் புகழ்ந்து பாடினார். இவர்களோ வீழும் வீரன் ஒருவனின் வாயால் பாடுகின்றனர்.

ஈண்டுத்தான் பரணியினின்று இக்கலை பிரிகின்றது. கருணாகரத் தொண்டைமானின் வெற்றியே சயங்கொண்டார்க்குப் பொருள். களம் பாடுமிடத்துக் கணவரைத் தேடும் மகளிரை அவர் காட்டுவது உண்மை. எனினும் மாண்ட கலிங்க வீரன் ஒருவனும் அங்கு வாய் திறந்து தன் துயர் கூறுவதில்லை. இவ்வொரு கூற்றில் இரும்புக் கன்னியார் நம் பெரும்புலவர்க்கு இல்லாத ஒன்றைப் பெற்றுள்ளனர் என்று கூற யாம் தயங்கவில்லை.

குறைகளும் உள. முன்னரே மனனம் செய்யாதார்க்கு ஒரு சொல்லும் விளங்காது. எமக்கு விளங்கியவை மருமகன் செவியருகே கத்திச் சொன்னவையே. மூன்று கிதார்கள் ஒருங்கே முழங்குமிடத்து ஒன்று மிகை எனவே தோன்றியது. 'தி ட்ரூப்பர்' பாடுங்கால் பிரித்தானியக் கொடியை வீசுவது பாடகர் புரூஸ் டிக்கின்சனின் நெடுநாள் வழக்கம். வீணே பலியான வீரனுக்கு இரங்கும் பாட்டில், அவனைப் பலியிட்டாரின் கொடி எதற்கு? திப்புவின் குடும்பத்தையே சிறைகொண்ட கொடி அது என்பதைக் கூட்டத்தில் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அவர்கள் பஞ்சாரி மேளத்தின் இறுதிக் காலத்தில் கைகளை வானோக்கி எறியும் கேரளத்தாரைப் போலவே ஆடிக்கொண்டிருந்தனர்.

மறுநாள் இரவு ஐலண்டு எக்ஸ்பிரசில் திரும்புகையில், நினைவிலிருந்த தாழிசைகளை அவனுக்குச் சொன்னோம். அவன் படுக்கையின் விளிம்பில் விரலால் தானன தட்டிக்கொண்டே கேட்டான்.

"மாமா, தோற்றவங்க பக்கத்துல இருந்து யாரும் பாடலியா?"

பரணியில் இல்லை என்றோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தமிழெழுத்துப் படிக்க வராது, மலையாள எழுத்தில் எழுதித் தரமுடியுமா என்று வினவினான். பாலக்காடு கடந்து விடியும் வேளையில் எழுதத் தொடங்கினோம். போர்க்களத்தை முதலில் எழுத எண்ணினோம். அவன் கூழ் அடும் பகுதிதான் முதலில் வேண்டும் என்றான். எர்ணாகுளம் வருமுன் பன்னிரண்டு தாழிசைகள் முடிந்தன.