சென்னைக் கிட்டாரும் கொழும்புக் கிட்டாரும்

சென்னையிலும் கொழும்பிலும் கிட்டார் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆகிய அமைப்புகளின் எட்டு கிரேடுகள் இரு நகரங்களிலும் நடக்கின்றன. உருப்படிகள், ஸ்கேல்கள், நோட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிப்பது, காதால் கேட்டுப் பதில் சொல்வது என்று பாடத்திட்டமும் பொதுதான். ஆனால் ஆசிரியரும் மாணவரும் தனியே உட்காரும் அந்த முக்கால் மணி நேரம் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. பிள்ளைக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுப்பதாக இரு ஊர் ஆசிரியர்களும் சொல்கிறார்கள். உண்மையில் பிள்ளையைவிட ஊரின் பழக்கமே பாடத்தை அதிகம் தீர்மானிக்கிறது.

இலங்கையில் கிட்டார் பாட்டுக்குத் துணையாகவே வேரூன்றியது. போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமான கஃபிரிஞ்ஞாவும் பைலாவும் கூட்டமாகப் பாடி ஆடும் இசை. பொலிஸ் உத்தியோகத்தரான வோலி பஸ்தியன் பைலாவைக் கிட்டாரோடு மேடைக்குக் கொண்டுவந்தார். 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் சிங்கள மெல்லிசைக்குள் மின் கிட்டாரை நிலைநிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் தமிழ்ப் பொப் பாடல்களுக்கு வழிதிறந்தார். பாடிக்கொண்டே வாசிக்கும் மனிதர்தான் இவர்கள் எல்லோர் வழியாகவும் இலங்கை மனதில் பதிந்த கிட்டார் கலைஞர்.

கொழும்புத் தனிவகுப்பும் அந்த உருவத்தை நோக்கியே போகிறது. ஜி, சி, டி என்று மூன்று கோர்டு பழகியதும் ஒரு பாட்டு வந்துவிடும். அடுத்து ஆறு-எட்டுத் தாளத்தில் பைலா ஸ்ட்ரம்மிங். பிள்ளையின் குரலுக்குச் சுருதி தாழ்வாக இருந்தால், கம்பிகளைக் கவ்விப் பிடிக்கும் கேப்போவை ஆசிரியர் இரண்டு ஃபிரெட் மேலே நகர்த்துவார். ஒரே விரலால் கம்பிகளை அழுத்தும் எஃப் கோர்டு சின்னக் கைக்கு வரவில்லை என்றால், மெல்லிய நான்கு கம்பிகளில் மட்டும் பிடிக்கச் சொல்வார். கொட்டாஞ்சேனையிலும் நீர்கொழும்பிலும் தேவாலயப் பாடகர் குழு பக்கத்திலேயே இருப்பதால், படித்ததை வாசித்துக்காட்ட அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவரின் குரலையும் கையையும் கவனித்துப் பாடத்தை வளைப்பதில் இலங்கை ஆசிரியருக்கு இயல்பான தேர்ச்சி உண்டு.

சென்னையில் கிட்டார் பல வாசல்களால் நுழைந்தது. சாந்தோம், பெரம்பூர்ப் பக்கத்துத் தேவாலயங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ஒரு வாசல். சினிமா ஒலிப்பதிவுக்கூடம் இன்னொன்று. 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடை அண்ணாசாலையில் வாத்தியம் விற்றதோடு பயிற்சிக்கும் தேர்வுக்கும் இடமாக இருந்தது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்த இளையராஜா, ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்துவிட்டுத்தான் இசையமைப்பாளர் ஆனார். ஏ.ஆர். ரஹ்மானும் அதே மாஸ்டரின் மாணவர்.

மூன்றாவது வாசல் கர்நாடக சங்கீதம். கிட்டாரில் ராகம் வாசிக்கும் ஆர். பிரசன்னா, வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரியிடம் படித்தவர். கர்நாடக முறையில் பாடம் வாய்ப்பாட்டாக இறங்குவதால், ஆசிரியர் கையில் அதே வாத்தியம் இருக்க வேண்டும் என்பதில்லை. வடக்கே இதற்கு ஒப்பாக, பிரிஜ் பூஷண் காப்ராவும் விஸ்வமோகன் பட்டும் கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிமேல் உலோகத் தண்டை வழுக்கி ஹிந்துஸ்தானி ராகம் வாசிக்கும் வழியைக் குருகுலப் பாணியில் வளர்த்தார்கள்.

இந்தப் பின்னணி சென்னை வகுப்பின் முகத்தை மாற்றுகிறது. கிட்டாருக்கு வரும் பிள்ளை ஏற்கெனவே பாட்டோ வீணையோ படித்திருப்பது அங்கே சாதாரணம். அதனால் மேஜர் ஸ்கேலைச் சங்கராபரணம் என்றும், நேச்சுரல் மைனரை நடபைரவி என்றும், லிடியனைக் கல்யாணி என்றும் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். மீதி வேலைதான் கடினம். ஃபிரெட் சுருதியைக் கட்டிப்போடுகிறது. கமகத்துக்குக் கம்பியை இழுக்கவும் வழுக்கவும் வேண்டும். நல்ல ஆசிரியர் இதற்கு மெல்லிய கம்பியைப் பூட்டச் சொல்வார். ஆனால் ஒற்றை மெட்டில் ஊறிய இந்தக் காதுக்குக் கோர்டு மாறும் இடம் பிடிபடத் தாமதமாகும். கர்நாடக இசையில் ஹார்மனி இல்லை என்பதே காரணம்.

பள்ளிக்கூடமும் பாடத்தின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. இலங்கைச் சாதாரணதரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் மூன்றும் விருப்பப் பாடங்களாக உள்ளன. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் உள்ள ஐந்து பாடங்களில் இசை இல்லை. அதனால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வந்ததும் முதலில் நிற்பது கிட்டார் வகுப்பு. இலங்கையிலும் கணித, விஞ்ஞான ரியூசன் வார இறுதியை விழுங்குகிறது. ஆனால் இசையைப் பரீட்சைப் பாடமாக எடுத்த பிள்ளைக்கு வீட்டில் மறுப்புச் சொல்வது கடினம்.

வாத்தியத்தின் விலையிலும் வேறுபாடு உண்டு. கொல்கத்தாவில் செய்யும் கிவ்ஸன் போன்ற மலிவான கிட்டார்கள் இந்திய நடுத்தரக் குடும்பங்களின் முதல் வாத்தியமாகப் பல காலம் இருந்தன. இலங்கை பெரும்பாலும் இறக்குமதியை நம்புகிறது. 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் கிட்டாரும் கம்பியும் தேர்வும் சேர்ந்தே எட்டாத உயரத்துக்குப் போயின. மலிவான கிட்டாரில் இரு நாட்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: கம்பி விரற்பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். விரல் வலித்து ஒரே மாதத்தில் விட்டுவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். முதல் வகுப்பிலேயே கம்பியைத் தாங்கும் பாலத்துண்டைத் தேய்த்துக் கம்பியைத் தாழ்த்திக் கொடுக்கும் ஆசிரியரே பிள்ளைக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுப்பவர்.

இரண்டில் எது மேல்? தொடங்குவதற்குக் கொழும்பு வழியே மேல் என்பது என் முடிவு. பாடத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கும் ஆசை தானாக வரும். மூன்று மாதத்தில் வீட்டார் முன் ஒரு பாட்டை முழுதாக வாசித்த பிள்ளை நான்காம் மாதமும் வகுப்புக்கு வரும். ஆனால் அந்த வழி மூன்று கோர்டோடு நின்றுபோகும் ஆபத்து உண்டு. அங்கேதான் சென்னை ஆசிரியரின் ஸ்வர அறிவும் நோட்டேஷன் கட்டுப்பாடும் தேவை. சென்னையில் ஐந்தாம் கிரேடு தேறியும், கல்யாண வீட்டில் அத்தை பாடும் பாட்டுக்குச் சுருதி கண்டுபிடித்துத் துணை வாசிக்க முடியாமல் விழிக்கும் பிள்ளைக்குக் கொழும்புப் பயிற்சி தேவை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை மாதத்தில் எந்த கிரேடு என்று முதல் நாளே கேட்காதீர்கள். என் பிள்ளை எந்தப் பாட்டை விரும்புகிறது, அதை யார் முன் வாசிக்கும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லுமுன் உங்களை விட்டுப் பிள்ளையிடம் பேசத் தொடங்கும் ஆசிரியரிடம் சேருங்கள். தேர்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.