நண்பன் விட்டுச்சென்ற ஊர்தி: ‘தென் கேம் பிரான்சன்’ தொலைக்காட்சித் தொடரும் நினைவேக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1969-70 ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான ‘தென் கேம் பிரான்சன்’ என்னும் தொடர், இன்று அதன் சிவப்பு ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிளுக்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அக்கதையின் தோற்றுவாயில் நிற்கும் தற்கொலையும் கைம்பெண்ணும் அந்நினைவில் இடம்பெறாமல் போனது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நினைவேக்கம், தொலைக்காட்சித் தொடர், மோட்டார் சைக்கிள், கையறுநிலை, பிரான்சன்.

தொடரும் அதன் காலமும்

‘பின்னர் வந்தான் பிரான்சன்’ என்று தமிழில் பொருள்படும் இத்தொடரை உருவாக்கியவர் டென் பார்ட் பெட்டிட்கிளேர். எம்.ஜி.எம். நிறுவனம் தயாரித்தது. வில்லியம் கிரஹாம் இயக்கிய முன்னோடித் தொலைக்காட்சித் திரைப்படம் 1969 மார்ச் 24 அன்று ஒளிபரப்பாயிற்று. வாராந்தரத் தொடர் அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று தொடங்கி, 26 பகுதிகளுடன் 1970 ஏப்ரல் 1 அன்று நின்றது. புதன்கிழமை இரவு பத்து மணிக்கு ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ என்னும் காவல்துறைத் தொடருடன் போட்டியிட நேர்ந்தமை அதன் குறுகிய ஆயுளுக்கு ஒரு காரணம் எனலாம்.

‘ஈஸி ரைடர்’ திரைப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 1969 ஜூலையில். பிரான்சனின் முன்னோடிப் படம் அதற்கு நான்கு மாதங்கள் முந்தியது. எனவே, தொடர் அத்திரைப்படத்தின் நிழலில் பிறந்தது என்னும் எளிய கருத்து பொருந்தாது. 1953 இல் வெளியான ‘தி வைல்ட் ஒன்’ முதலாக மோட்டார் சைக்கிளோட்டி என்றாலே கலகக்காரன் என்னும் படிமம் அமெரிக்கத் திரையில் நிலைபெற்றிருந்தது. மைக்கேல் பார்க்ஸ் நடித்த ஜிம் பிரான்சன் அப்படிமத்திற்கு மாறானவன். சான் பிரான்சிஸ்கோவில் நாளிதழ்ச் செய்தியாளனாக இருந்தவன், குரலை உயர்த்தாதவன், சண்டையைத் தவிர்ப்பவன். ஒவ்வொரு வாரமும் ஓர் ஊரில் ஒருவரது வாழ்வின் திருப்பத்தில் வந்து நின்று, பிறகு கிளம்பிவிடுகிறான். குதிரைக்குப் பதில் மோட்டார் சைக்கிள் ஏறிய மேற்கத்திய நாடோடி வீரன் என அவனைக் காண்பதற்கு இடமுண்டு.

ஒருமுறை காட்டியதும் வாரந்தோறும் காட்டியதும்

கதையின் தோற்றுவாய் இது. பிரான்சனின் நெருங்கிய நண்பன் நிக் (மார்ட்டின் ஷீன்) தற்கொலை செய்துகொள்கிறான். பிரான்சன் முன்னர் தன் மோட்டார் சைக்கிளை இந்த நண்பனுக்குத்தான் விற்றிருந்தான். இறப்புக்குப் பின் நிக்கின் மனைவியிடமிருந்து அதனை அவன் மீண்டும் விலைக்கு வாங்குகிறான். பத்திரிகை ஆசிரியருடன் வாக்குவாதம் முற்றி வேலையைத் துறந்து புறப்படுகிறான். ஆகவே அவன் ஏறியிருக்கும் ஊர்தி இறந்தவனின் உடைமை. பயணம் துக்கத்திலிருந்து பிறந்தது.

இது முன்னோடிப் படத்தில் ஒருமுறை காட்டப்பட்டது. வாரந்தோறும் வந்த முகப்புக் காட்சியோ வேறு. நகரச் சாலை ஒன்றின் சைகை விளக்கில் பிரான்சன் நிற்கிறான். தலைவிளக்கின் மேல் படுக்கைச் சுருள் கட்டப்பட்டிருக்கிறது. தலையில் கம்பளிக் குல்லாய். பக்கத்துக் காரில் வேலையால் களைத்த ஒருவர். பயணம் போகிறாயா, எங்கே என்று அவர் வினவுகிறார். சென்று சேருமிடமே தனது ஊர் என்னும் பாங்கில் விடை வருகிறது. உன்னைப்போல் இருக்கலாகாதா என்று அவர் ஏங்குகிறார். தளராமல் இரு என்று பொருள்படும் சிறு சொல்லொன்றை உதிர்த்துவிட்டுப் பிரான்சன் நகர்கிறான். கேமரா அவனைத் தொடர்கிறது.

ஒரே இரவில் ஒளிபரப்பான தற்கொலைக்கும், வாரந்தோறும் திரும்பிவந்த இந்த உரையாடலுக்கும் இடையிலான எண்ணிக்கை வேறுபாடே பிற்கால நினைவின் வடிவத்தைத் தீர்மானித்துவிட்டது. மறுஒளிபரப்புச் சந்தை நூறு பகுதிகளையொட்டிய தொடர்களையே விரும்பியதால், 26 பகுதிகளே கொண்ட இத்தொடர் உள்ளூர் நிலையங்களில் நிலைக்க வாய்ப்புக் குறைவு. பார்த்தவர்களிடம் எஞ்சியவை முகப்புக் காட்சியும், ஊர்தியின் நிறமும், பார்க்ஸ் தாமே பாடிய ‘லாங் லோன்சம் ஹைவே’ பாடலும் ஆகும். 1970 இல் அப்பாடல் பில்போர்டு தரவரிசையில் 20 ஆம் இடத்தை எட்டியது. கதை மங்கியபோதும் பாடல் வானொலியில் தனித்து வாழ்ந்தது.

முகப்புக் காட்சியில் பார்வையாளருக்கு ஒதுக்கப்பட்ட இடம் காரோட்டியின் இடமே என்பது கருதத்தக்கது. ஏங்குபவர் அவர்தாம், பிரான்சன் எதற்காகவும் ஏங்குவதாகக் காட்டப்படவில்லை. 1969 இல் சிறுவர்களாக இதனைக் கண்டவர்கள் பின்னர் வேலை, கடன், குடும்பம் என அந்தக் காரோட்டியின் வயதை அடைந்தனர். அவர்களது நினைவேக்கம் தாங்கள் வாழ்ந்த ஒன்றைக் குறித்ததன்று. திரையில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்த ஏக்கத்தை அவர்கள் வளர்ந்து நிரப்பினர்.

பிறந்தபோதே பழமையான ஊர்தி

தொடரில் வருவது ஹார்லி-டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டர் எக்ஸ்.எல்.எச். 1957 இல் அறிமுகமான ஸ்போர்ட்ஸ்டர் வரிசையைச் சேர்ந்தது. ‘வி’ வடிவில் அமைந்த இரு சிலிண்டர்கள், 883 சி.சி. கொள்ளளவு, வார்ப்பிரும்பாலான சிலிண்டர் தலைப்பகுதி, டிரம் பிரேக்குகள், வலக்காலால் மாற்றும் கியர் ஆகியவை அதன் கூறுகள். பெட்ரோல் டேங்கில் முக்கோணக் கூம்பினுள் கண் வரையப்பட்டிருக்கும். ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில் உள்ள சின்னமும் அதுவே. சம்பளத்தை உதறிவிட்டுச் சென்றவன் பணத்தாளின் சின்னத்தை முழங்கால்களுக்கிடையே சுமந்து திரிகிறான். தொடரில் இந்த முரண் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

அதே 1969 இல் ஹோண்டா சி.பி.750 அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. நான்கு சிலிண்டர்கள், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், எண்ணெய் ஒழுகாத இயந்திரம் என அது ஸ்போர்ட்ஸ்டரை ஓராண்டிலேயே முதியதாக்கியது. அவ்வாண்டிலேயே ஹார்லி-டேவிட்சன் நிறுவனமும் ஏ.எம்.எஃப். என்னும் பெருநிறுவனத்தின் கைக்குச் சென்றது. பிரான்சன் மேற்கு மாநிலங்களின் சாலைகளில் உலவியபோது அவன் ஏறியிருந்த பொறி தொழில்நுட்ப அளவில் விடைபெறத் தொடங்கியிருந்தது என்பது இதனால் பெறப்படுகிறது.

பின்வந்த தொடர்களுடன் ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ‘சிப்ஸ்’ தொடரில் (1977-83) கவாசாகி அரசின் கருவி. நெடுஞ்சாலைக் காவலர் இருவர் அதன்மேல் ஒழுங்கைக் காக்கின்றனர். ‘ஸ்ட்ரீட் ஹாக்’ தொடரில் (1985) அது ஆயுதம். பிரான்சனின் ஸ்போர்ட்ஸ்டர் எதையும் துரத்துவதில்லை.

கையறுநிலையும் கடமையும்

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையைச் சுட்டுகிறது. இறந்தாரை எண்ணி எஞ்சியோர் செயலற்றுப் புலம்புவது அது. அமெரிக்கத் தொடரொன்றை அத்துறையில் அடக்குவது நோக்கமன்று. நண்பனின் சாவுக்குப் பின் ஊரைவிட்டு நீங்கும் ஒருவனை அளக்க அது ஓர் அளவுகோலைத் தருகிறது. புறநானூற்றில் பாரி மாய்ந்தபின் பறம்பை விட்டு நீங்கும் கபிலர் தனியே செல்வதில்லை. பாரி மகளிர் இருவரையும் உடன் அழைத்துச் சென்று அவர்களுக்கு மணமுடிக்க முயல்கிறார். அவரது பயணத்தில் துக்கமும் கடமையும் பிரிக்க முடியாதவை.

பிரான்சனோ நிக்கின் மனைவிக்கு ஊர்தியின் விலையைக் கொடுக்கிறான்; கணக்கு அத்துடன் முடிகிறது. பின்னர் வழியில் காணும் அயலாரிடம் வாரந்தோறும் அக்கறை காட்டுகிறான். முன்னோடிப் படத்தில் திருமணத்திலிருந்து தப்பியோடிய மணப்பெண்ணைப் (பானி பெடீலியா) பின்னிருக்கையில் ஏற்றிச் செல்கிறான். நண்பனின் வீட்டுக்குச் செய்ய வேண்டியிருந்ததை அயலூர்களில் தவணை தவணையாகச் செலுத்துகிறான் என்று இதனைப் படிப்பது தகும். ஆனால் தொடர் தானே அவ்வாறு படிக்க உதவுவதில்லை. நிக்கின் மனைவிக்கு என்ன நேர்ந்தது என்னும் கேள்வியை அது கதையின் உந்துவிசை ஆக்கவில்லை. நினைவேக்கம் அவளை மறந்ததற்கு முன்னரே தொடர் அவளை மறந்துவிட்டது. ரசிகர்கள்மீது மட்டும் குறை காண்பது இதனால் முறையாகாது.

மீட்டெடுப்பின் எல்லை

‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லை 1688 இல் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் பேசலில் அளித்த ஆய்வேட்டில் நோயின் பெயராகவே உருவாக்கினார். தாய்நாட்டை நீங்கியவரின் உடல்நலிவு அது. ஊர் திரும்புதலே மருந்து. ஸ்வெட்லானா பாய்ம் 2001 இல் இந்த ஏக்கத்தை இரண்டாகப் பிரித்தார்: இழந்ததை அப்படியே மீட்டுக் கட்ட முனைவது ஒன்று, இழப்பின் இடைவெளியில் தங்கி எண்ணிப்பார்ப்பது மற்றொன்று. பிரான்சன் ஊர்தியின் நகல்களை உருவாக்கும் ஆர்வலர் செயற்பாடு முதல்வகையைச் சார்ந்தது. சிவப்பின் சாயல், கண் சின்னத்தின் கோடுகள், படுக்கைச் சுருள் கட்டிய முறை ஆகிய அனைத்தும் துல்லியமாக மீட்கப்படுகின்றன. இத்துல்லியத்தை இகழ வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் அறிவு இத்தகையோரிடம்தான் பிழைத்திருக்கிறது.

எனினும் தொழில் நிறுவனம் இவ்வேக்கத்தைக் கையாண்ட விதம் வேறு. 1981 இல் மேலாளர்கள் 13 பேர் ஹார்லி-டேவிட்சனை ஏ.எம்.எஃப். இடமிருந்து திரும்ப வாங்கினர். 1984 இல் வந்த ‘சாஃப்டெய்ல்’ மாதிரியில் பின்சக்கர அதிர்வுத்தாங்கிகள் கண்ணுக்குத் தெரியாமல் வண்டிக்கு அடியில் வைக்கப்பட்டன. பார்வைக்கு அது தாங்கிகளே இல்லாத பழைய கால வண்டி. ஏறியவருக்கோ குலுக்கல் இல்லை.

நகல் வண்டிகளில் அந்த வசதியும் இல்லை. இடக்கால் கியருக்குப் பழகிய இன்றைய ஓட்டுநர், 1969 ஆம் ஆண்டு ஸ்போர்ட்ஸ்டரில் ஏறினால் பிரேக் என எண்ணி வலக்காலால் கியரை மிதித்துவிடுகிறார். அவ்வளவு இடர்ப்பாட்டையும் மாற்றாமல் காத்துவைக்கும் மீட்டெடுப்பில், டேங்கின் ஒரு மூலையிலேனும் நிக்கின் பெயர் எழுதப்படுவதில்லை.