வுட்ஃபால்: எழுதுகோல் வழிநடத்திய திரை

நாவலாசிரியன் ஒருவனுடைய கதை திரைப்படமாகும்போது அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தொகையும், பெயர்ப் பட்டியலில் ஒரு வரியுமே. கதை கைமாறிய பின் யார் யாரோ அதை வெட்டுவர், ஒட்டுவர், முடிவையும் மாற்றுவர். இவ்வழக்கத்துக்கு மாறாக, எழுத்தாளனையே அழைத்துத் திரைக்கதை எழுதச் செய்து, அவன் கண்ட வாழ்வை அவன் சொல்லிலேயே காட்ட முனைந்த படநிறுவனம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. வுட்ஃபால் என்பது அதன் பெயர். அதன் ஏற்றமும் இறக்கமும் கலைக்கும் முதலுக்கும் உள்ள உறவைப் பற்றி நமக்குச் சொல்வன பல.

1956 மே 8 அன்று லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ஜான் ஆஸ்பர்ன் எழுதிய ‘லுக் பேக் இன் ஆங்கர்’ நாடகம் மேடையேறியது. இயக்கியவர் டோனி ரிச்சர்ட்சன். செல்வர் வீட்டு வரவேற்பறைகளையே காட்டிப் பழகியிருந்த ஆங்கில மேடையில், வாடகை அறையில் வாழும் படித்த இளைஞனின் சினம் வெடித்தெழுந்தது. அந்நாடகத்தைப் படமாக்கும் பொருட்டு இவ்விருவரும், கனடாவைச் சேர்ந்த தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மனும் கூடி 1958இல் நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படங்களைத் தயாரித்தவர்களுள் ஒருவர் இந்தச் சால்ட்ஸ்மனே. செல்சியில் ஆஸ்பர்ன் வாழ்ந்த தெருவின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று.

1959இல் வெளிவந்த அந்த முதற்படம் வசூலில் தோற்றது. அதில் வியப்பில்லை. இருபத்தைந்து வயது இளைஞனாக நடித்த ரிச்சர்ட் பர்ட்டன் முப்பதைக் கடந்தவர். நட்சத்திரப் புகழ் பெற்றவர். திரைக்கதையை எழுதியவரும் ஆஸ்பர்ன் அல்லர், நைஜல் நீல். மேடையில் சுட்ட சொற்கள் திரையில் ஆறிப்போயின.

மறு ஆண்டு வந்த ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’ நிலைமையை மாற்றியது. ஆலன் சில்லிட்டோ நாட்டிங்ஹாம் நகரத் தொழிலாளியின் மகன். அங்குள்ள ராலே சைக்கிள் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தம் நாவலுக்குத் தாமே திரைக்கதை எழுதினார். இயக்குநர் காரெல் ரைஸ் கேமராவை அதே தொழிற்சாலைக்குள் கொண்டுசென்றார். ஆல்பர்ட் ஃபின்னி கடைசல் இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்யும் காட்சியில், உழைப்பவனின் அலுப்பும் செருக்கும் ஒருங்கே தெரிகின்றன. அதுவரை ஆங்கிலப் படங்களில் தொழிலாளி பெரும்பாலும் சிரிப்பு மூட்டவோ, அனுதாபம் பெறவோ வந்துபோனவன். இங்கே அவனே கதையின் நடுவில் நின்றான். வார்விக்ஷயர் நிர்வாகத்தினர் சில காட்சிகளை வெட்டுமாறு கேட்டனர். மறுக்கப்பட்டதும் படத்தைத் தடைசெய்தனர். மற்ற இடங்களில் மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். அப்படத்தில் பெண்கள் ஆணின் பார்வையிலேயே வந்து போகின்றனர். அக்குறையைத் தீர்த்தவர் சால்ஃபோர்டைச் சேர்ந்த ஷீலா டிலேனி. தம் பத்தொன்பதாம் வயதில், 1958இல், ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ நாடகத்தை அரங்கேற்றியவர் அவர். 1961இல் ரிச்சர்ட்சனுடன் சேர்ந்து அதன் திரைக்கதையையும் எழுதினார். பொறுப்பற்ற தாய், கைவிடப்பட்ட மகள், பிறக்கவிருக்கும் குழந்தை என்னும் அக்கதையில் எவரும் எவருக்கும் அறிவுரை கூறுவதில்லை. ஆனால் அன்பின்றி வளர்ந்த பெண்ணின் தனிமை நம் நெஞ்சைத் தொடுகிறது. சில்லிட்டோவின் சிறுகதையிலிருந்து 1962இல் உருவான ‘லோன்லினஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்’ படத்திலோ, சீர்திருத்தப் பள்ளிச் சிறுவன் ஓட்டப் பந்தயத்தில் எல்லோரையும் முந்தி வந்து, எல்லைக்கோட்டின் அருகே வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். அதிகாரியின் பெருமைக்காகப் பெறும் வெற்றி அவனுக்கு வேண்டாம்.

1963இல் ‘டாம் ஜோன்ஸ்’ வந்தது. 1749இல் ஹென்றி ஃபீல்டிங் எழுதிய நாவலுக்கு ஆஸ்பர்ன் திரைவடிவம் தந்தார். வண்ணப்படம், முதலீடு அமெரிக்க நிறுவனமான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுடையது. சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, இசை என நான்கு ஆஸ்கார் விருதுகளும், எதிர்பாராத பெருஞ்செல்வமும் குவிந்தன. படம் விறுவிறுப்பானது, ஐயமில்லை. ஆயினும் அது இருநூறாண்டுக்கு முந்திய உலகின் கேளிக்கை. அண்டை வீட்டு உண்மையைச் சொல்லப் பிறந்த நிறுவனம், அதைச் சொல்லாமலே வெல்லலாம் என்று கண்டுகொண்ட தருணம் அது.

அதன் பின்னர் திசை மாறியது. 1965இல் ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ‘தி நாக்’ கான் விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. எனினும் அதில் வடபுலத் தெருக்களின் புழுதி இல்லை. 1968இல் ‘சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’ பெரும் படைகளோடு வந்தது. அதற்கு முதலில் எழுதியவர் ஆஸ்பர்ன். திரையில் காணப்படுவதோ சார்லஸ் வுட்டின் பெயர். நிறுவனத்தை நிறுவிய எழுத்தாளனே அதன் படத்திலிருந்து விலக நேர்ந்தது.

பணம் வந்தது, கலை அழிந்தது என்று கூறி இக்கதையை முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. 1969இல் உருவான ‘கெஸ்’ அதை மறுக்கிறது. முன்வந்தவர்கள் பின்வாங்கிய வேளையில், ரிச்சர்ட்சன் தலையிட்டு அதே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸிடம் முதல் பெற்றுத் தந்தார். நாவலாசிரியர் பாரி ஹைன்ஸ் உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றியவர். இயக்குநர் கென் லோச், தயாரிப்பாளர் டோனி கார்னெட் ஆகியோருடன் அமர்ந்து திரைக்கதை எழுதினார். பார்ன்ஸ்லியின் நிலக்கரிச் சுரங்கத்துக்கென்றே வளர்க்கப்படும் சிறுவன், ஒரு வல்லூறைப் பழக்கிப் பறக்கவிடுகிறான். வகுப்பில் அவன் அப்பறவையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், மக்கு என்று ஒதுக்கப்பட்டவனிடம் இத்தனை அறிவா என அனைவரும் வாயடைத்துப் போகின்றனர். பிள்ளைகளை மதிப்பெண்ணால் அளந்து தள்ளும் ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரும் காண வேண்டிய காட்சி அது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 1999இல் வெளியிட்ட நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்களின் வரிசையில் ‘கெஸ்’ ஏழாம் இடம் பெற்றது.

ஒரே நிறுவனம், ஒரே முதலாளி. ஒரு படம் வெறும் ஆரவாரமாகிறது, மற்றொன்று காலத்தை வெல்கிறது. முதல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, எழுதுகோல் யார் கையில் இருந்தது, அந்தக் கை எந்த மண்ணைத் தொட்டு எழுதியது என்பதே முடிவைத் தீர்மானித்தது. 1984இல் ‘தி ஹோட்டல் நியூ ஹாம்ப்ஷயர்’ படத்தோடு வுட்ஃபாலின் பணி ஓய்ந்தது. ரிச்சர்ட்சன் 1991இலும், ஆஸ்பர்ன் 1994இலும் மறைந்தனர். அவர்கள் ஈட்டிய செல்வத்தை இன்று எவரும் பேசுவதில்லை. ஓடி வந்து நின்றுவிட்ட சிறுவனையும், வல்லூறைக் கையில் ஏந்தி நின்ற சிறுவனையும் கண்டவர்கள் மறப்பதில்லை.